2024 ரூக்கி விருது: ஸ்கீன்ஸா, மெரிலா? (அமெரிக்கன் லீக் சண்டையும் இங்கேயே போடலாம்)

இடதுகைக்காரன்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் சிறந்த ரூக்கி (புதுமுகம்) விருதுக்கு இறுதிப் பட்டியல் வந்தும் யாரும் இழை திறக்கவில்லை, அதனால் நானே திறக்கிறேன். அதன் இரண்டு பிரிவுக்கும் தனித்தனி விருது. நேஷனல் லீக்கில் பைரட்ஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸ், பேட்ரஸின் ஜாக்சன் மெரில், ஜாக்சன் சூரியோ. அமெரிக்கன் லீக்கில் யாங்கீஸ் பிட்சர் லூயிஸ் கில், ஓரியோல்ஸின் கோல்டன் கௌசர், ஆஸ்டின் வெல்ஸ். ஓட்டுப் போடுவது பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்துக்காரர்கள், ஒரு லீக்குக்கு 30 பேர். பிளேஆஃப் (சீசனுக்குப் பின் வரும் கோப்பைச் சுற்று) தொடங்கும் முன்பே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள், அதனால் அக்டோபரில் யார் என்ன கிழித்தார்கள் என்ற கதையை இங்கே இழுக்க வேண்டாம்.

என் ஓட்டு மெரிலுக்கு. ஸ்கீன்ஸ் மோசம் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்கு வருவேன், அது வேறு. ஆனால் இது "ஆண்டின் சிறந்த ரூக்கி" விருது. மெரில் 156 ஆட்டம் ஆடினார். .292 சராசரி, 24 ஹோம் ரன், 90 ஆர்பிஐ (அவர் அடியால் வந்த ரன்), 16 ஸ்டீல் (ஓடித் திருடிய பேஸ்). அதுவும் எந்த இடத்தில் நின்று? பையன் மைனர் லீக்கில் ஷார்ட்ஸ்டாப், அதாவது உள்வட்ட ஃபீல்டர். மேஜருக்கு ரெண்டு படி கீழே இருக்கிற டபுள் ஏ-வுக்கு மேலே ஆடியதே இல்லை. வசந்தகாலப் பயிற்சியில் கூப்பிட்டு, சென்டர் ஃபீல்டில் போய் நில் என்றார்கள். மார்ச்சில் சியோலில் டாட்ஜர்ஸுக்கு எதிராக சீசன் தொடங்கியபோது அவருக்கு இன்னும் 21 கூட ஆகவில்லை. அன்று நின்றவர் செப்டம்பர் கடைசி வரை அங்கேயே நின்றார். ஸ்கீன்ஸ் முதல் ஆட்டம் ஆடியது மே 11. ஆறு வாரம் கழித்து வந்தவருக்கு, தொடக்கத்திலிருந்து சுமந்தவரைத் தாண்டி எப்படிக் கொடுப்பது?

கறுப்பு மஞ்சள்

1.96.

கறுப்பு மஞ்சள்

சரி, நீட்டியே சொல்கிறேன். 23 ஸ்டார்ட் (ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சராக), 133 இன்னிங்ஸ், 170 ஸ்ட்ரைக் அவுட், 32 வாக் (நாலு தவறான பந்தால் பேட்டரை பேஸுக்கு நடக்க விட்டது), 11-3 (வெற்றி-தோல்வி), இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விட்ட ரன்) 1.96. 1920-க்கு அப்புறம் 20 ஆட்டமாவது தொடங்கிய ரூக்கி பிட்சர்களில் இதைவிடக் குறைந்த இ.ஆர்.ஏ. யாருக்கும் கிடையாது. நூறு வருஷக் கணக்கு அண்ணே. 24 ஹோம் ரன் அடிக்கிற ரூக்கி ரெண்டு வருஷத்துக்கு ஒருவராவது வருவார்.

அப்புறம் "ஆறு வாரம் கழித்து வந்தார்" என்கிறீர்களே, அவர் என்ன வீட்டில் படுத்துக் கிடந்தாரா? இண்டியானாபொலிஸில், மேஜருக்கு ஒரு படி கீழேயுள்ள டிரிபிள் ஏ-வில் 7 ஸ்டார்ட், 27 இன்னிங்ஸ் சொச்சம், 45 ஸ்ட்ரைக் அவுட், 0.99 இ.ஆர்.ஏ. அங்கே அவருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. எங்கள் நிர்வாகம் உட்கார வைத்தது, தண்டனை அவருக்கா?

ஒன்பதாவது இன்னிங்ஸ்

பேட்ரஸ் ரசிகன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்தது போலக் குதிக்க வேண்டாம்.

எண்களை விடுங்கள், எப்போது அடித்தார் என்று பாருங்கள். ஜூனில் ஓக்லண்டுக்கு எதிராக, மேசன் மில்லர் பந்தில் வாக் ஆஃப், அதாவது ஆட்டத்தையே முடித்து வைக்கிற அடி. மில்லரும் இந்த வருஷ ரூக்கிதான், 100 மைலுக்கு மேலே சர்வ சாதாரணமாகப் போடுகிற க்ளோசர் (கடைசி இன்னிங்ஸ் பிட்சர்), 65 இன்னிங்ஸில் 104 ஸ்ட்ரைக் அவுட். அவர் பந்தைத் தொடுவதே பெரிய விஷயம், இவர் வேலிக்கு வெளியே அனுப்பினார். ஆகஸ்டில் மெட்ஸுக்கு எதிராக எட்வின் டியாஸ் பந்தில் இன்னொரு வாக் ஆஃப். 93 ஆட்டம் ஜெயித்து பிளேஆஃப் போன அணியில், பரபரப்பான நேரத்தில், 21 வயதுப் பையன் செய்தது இது. பைரட்ஸ் 76 வெற்றியோடு டிவிஷனில் கடைசி.

கறுப்பு மஞ்சள்

கடைசி இடம்தான், தெரியும், தினமும் பார்க்கிறேன். எங்கள் பேட்டிங்குக்கு ஸ்கீன்ஸ் எப்படிப் பொறுப்பு? அவருடைய முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு இன்னிங்ஸ் முடித்து ஐந்தாவதில் ரெண்டு பேரை பேஸில் விட்டுவிட்டு இறங்கினார், ஏழு ஸ்ட்ரைக் அவுட். பின்னால் வந்த புல்பென் (மாற்று பிட்சர்கள்), பேஸ் நிறைந்திருக்க வாக் மேல் வாக் கொடுத்து அந்த ஒரே இன்னிங்ஸில் ஆறு ரன்னை நடக்கவைத்தே உள்ளே விட்டது. நடுவில் மழை வந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றது வேறு. எப்படியோ 10-9 என்று ஜெயித்தோம். இதுதான் எங்கள் அணி, இதற்குள்ளிருந்துதான் 11-3.

ரெண்டாவது ஸ்டார்ட், ரிக்லி ஃபீல்டு. முதல் ஏழு பேட்டரும் ஸ்ட்ரைக் அவுட். ஆறு இன்னிங்ஸ், ஒரு ஹிட் இல்லை. ஜூலையில் மில்வாக்கியில் ஏழு இன்னிங்ஸ், அங்கேயும் ஹிட் இல்லை, 11 ஸ்ட்ரைக் அவுட். 99 பந்தில் எடுத்துவிட்டார்கள், எட்டாவது இன்னிங்ஸில் ரிலீவர் வந்து ஒரு சிங்கிள் கொடுத்தார். அந்த ஆட்டம் 1-0. ஒரு ரன்! அதுதான் நாங்கள் அவருக்குக் கொடுத்தது.

புதுசு

நான் கிரிக்கெட்டிலிருந்து வந்தவன், ரெண்டு வருஷமாகத்தான் இதைப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். கப்ஸின் ஷோட்டா இமனாகா 15-3, 2.91, 173 இன்னிங்ஸ். அவரை ஏன் யாரும் பேசவே மாட்டேன் என்கிறீர்கள்? அதைவிட முக்கியமாக, செப்டம்பரில் 31 வயது ஆனவர் எப்படி ரூக்கி?

ஸ்கோர்புக்

விதி வயதைப் பார்ப்பதில்லை தம்பி. மேஜர் லீக்கில் முந்தைய சீசன்களில் 130 அட் பேட் தாண்டியிருக்கக் கூடாது, பிட்சரானால் 50 இன்னிங்ஸ் தாண்டியிருக்கக் கூடாது, அணியின் நடப்புப் பட்டியலில் 45 நாளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். ஜப்பானில் எத்தனை வருஷம் போட்டாலும் கணக்கில் வராது. லூயிஸ் கில் 2021-லேயே யாங்கீஸுக்கு ஆறு ஆட்டம் தொடங்கியவர், 29 இன்னிங்ஸ் சொச்சம்தான் என்பதால் இன்னும் ரூக்கி.

ஆனால் எழுத்தாளர்கள் மனதில் இது எப்போதும் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நோமோ 1995-ல் வாங்கினார், சிப்பர் ஜோன்ஸைத் தாண்டி. சசாகி 2000, இச்சிரோ 2001. அதுவரை பெரிய தடை இல்லை. 2003-ல் ஹிதேகி மட்சுயி வந்தார், 106 ஆர்பிஐ. ரெண்டு எழுத்தாளர்கள் "ஜப்பானில் அத்தனை வருஷம் ஆடியவர் ரூக்கி இல்லை" என்று அவரைச் சீட்டிலேயே எழுதவில்லை. ராயல்ஸின் ஏஞ்சல் பெரோவா 88, மட்சுயி 84. நாலு புள்ளி. அந்த ரெண்டு பேரும் மட்சுயியை இரண்டாம் இடத்தில் எழுதியிருந்தாலே ஆறு புள்ளி வந்திருக்கும். விதியைப் பிடிக்கவில்லை என்றால் விதியை மாற்றச் சொல்லிப் போராட வேண்டும், கையில் இருக்கிற சீட்டில் பழி தீர்க்கக் கூடாது. எனக்கு அது இன்றும் கோபம்தான்.

இன்னொன்று. இந்த விருது 1947-ல் தொடங்கியது, முதலில் வாங்கியவர் ஜாக்கி ராபின்சன். 1987-லிருந்து விருதுக்கே அவர் பெயர். வாங்கும்போது அவருக்கு வயது 28. 1945-ல் நீக்ரோ லீக்கில் (கறுப்பினத்தவர் தனியாக ஆடிய லீக்) கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ஆடியவர். நீக்ரோ லீக் கணக்குகளையும் மேஜர் லீக் கணக்கோடு சேர்த்து 2024 மே மாதம்தான் புத்தகத்தைத் திருத்தினார்கள். ஆக இன்றைய புத்தகப்படி ராபின்சனே 1947-க்கு முன்னால் மேஜர் லீக் ஆடியவர்! 1950-ல் வாங்கிய சாம் ஜெத்ரோவுக்கு 33 வயது, அவரும் நீக்ரோ லீக்கிலிருந்து வந்தவர். உள்ளே விடாமல் கதவைச் சாத்தி வைத்திருந்துவிட்டு, வந்த பிறகு "வயசாயிடுச்சே" என்று கேட்க முடியுமா? வெளியிலிருந்து வந்த மூத்தவர்களை வைத்துத்தான் இந்த விருதே தொடங்கியது.

புதுசு

நன்றி அக்கா. அப்படியென்றால் இமனாகாவுக்கு மூன்றாவது இடமாவது கொடுத்திருக்கலாம்.

ஸ்கோர்புக்

நான் கொடுத்திருப்பேன். சூரியோ 20 வயதில் 21 ஹோம் ரன், 22 ஸ்டீல், 20-20 அடித்தவர்களிலேயே இளையவர். அதை வைத்து மேலே தூக்கிவிட்டார்கள். வயதுக்குப் பரிசு கொடுக்கிற பழக்கம் போகவே போகாது.

இடதுகைக்காரன்

அக்கா வந்துவிட்டதால் இழைக்கு மரியாதை வந்துவிட்டது. திரும்ப மெரிலுக்கு வருவோம். கறுப்பு மஞ்சள், நீங்கள் வார் (WAR, ஒருவர் அணிக்குக் கூட்டிக் கொடுத்த வெற்றிகளின் மதிப்பீடு) எண்ணைக் கொண்டுவருவீர்கள் என்று காத்திருந்தேன், கொண்டுவரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்கிற புள்ளிவிவரத் தளம் ஸ்கீன்ஸுக்குக் கிட்டத்தட்ட 6 கொடுக்கிறது, மெரிலுக்கு 4.4. ஃபேன்கிராஃப்ஸ் என்கிற இன்னொரு தளம் தலைகீழ்: மெரில் 5.3, ஸ்கீன்ஸ் 4.3. ஒரே வருஷம், அதே ரெண்டு பேர்.

ஃபேன்கிராஃப்ஸ் பிட்சரை ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் இதை வைத்து மட்டும் எடை போடுகிறது, மற்றதில் ஃபீல்டர்களுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்று ஒதுக்குகிறது. ரெஃபரன்ஸ் உண்மையில் விட்ட ரன்னை எடுத்துக்கொண்டு, பின்னால் நின்ற ஃபீல்டிங்குக்குத் தகுந்தபடி கூட்டிக் கழிக்கிறது. ஆகவே "வார் சொல்லிவிட்டது" என்று யாரும் மேசையைத் தட்ட முடியாது. தட்டினால் எந்தக் கடையின் வார் என்று கேட்பேன்.

கறுப்பு மஞ்சள்

நடந்ததுக்குத்தானே விருது, நடந்திருக்க வேண்டியதுக்கு இல்லையே? விட்ட ரன் விட்ட ரன்தான். ரெஃபரன்ஸ் கணக்கே போதும் எனக்கு.

ஸ்கோர்புக்

இதில் யாரும் தொடாத ஒரு கணக்கு இருக்கிறது. "மெரில் 156 ஆட்டம், ஸ்கீன்ஸ் 23 ஆட்டம்" என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஆறு மடங்கு வித்தியாசம் மாதிரி கண்ணைக் கட்டும். ஆட்டத்தை எண்ணாதீர்கள், பிட்சரும் பேட்டரும் நேருக்கு நேர் நின்ற முறைகளை எண்ணுங்கள். மெரில் மட்டையோடு நின்றது 593 முறை. ஸ்கீன்ஸ் எதிர்கொண்ட பேட்டர்கள் 514. ஆறு வாரம் தாமதமாக வந்தும்! பேட்டர் தினமும் நாலு முறை வருவார். பிட்சர் ஐந்து நாளுக்கு ஒரு முறை வந்து இருபத்திச் சொச்சம் பேரைப் பார்த்துவிட்டுப் போவார். வேலை அளவு என்று பார்த்தால் நீங்கள் சொல்கிற அளவுக்குத் தூரம் இல்லை.

பாதி சீசன் ஆடி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். 1959-ல் வில்லி மெக்கோவி வெறும் 52 ஆட்டம், .354, ஒருமனதாகக் கொடுத்தார்கள். 2019-ல் யோர்டான் ஆல்வரெஸ் ஜூனில் வந்து 87 ஆட்டம், 27 ஹோம் ரன், அதுவும் ஒருமனதாக.

இடதுகைக்காரன்

அக்கா, 593-க்கு 514 நல்ல கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் மெரிலின் பாதி வேலைதான் இருக்கிறது. மட்டையைக் கீழே வைத்த பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு சென்டர் ஃபீல்டில் ஒன்பது இன்னிங்ஸ் ஓடுகிறாரே, அதை எந்தப் பத்தியில் எழுதுவது? பெட்கோ பார்க்கின் சென்டர் ஃபீல்டு சின்ன இடமில்லை. அதை முதல் வருஷமே, முன்னே பின்னே ஆடிப் பழகாதவர், நல்ல மார்க்கோடு செய்தார்.

முன்னுதாரணம் இந்தப் பக்கமும் உண்டு. 2016-ல் கேரி சான்செஸ் 53 ஆட்டத்தில் 20 ஹோம் ரன் அடித்து ஊரையே அலற விட்டார். எழுத்தாளர்கள் 159 இன்னிங்ஸ் போட்ட டெட்ராய்ட்டின் மைக்கேல் ஃபுல்மருக்குக் கொடுத்தார்கள், 26 பேர் அவரை முதலில் எழுதினார்கள். அப்போது மட்டும் ஏன் முழு வருஷம் இனித்தது?

கறுப்பு மஞ்சள்

சான்செஸ் ஆகஸ்டில் வந்தவர். மே எங்கே, ஆகஸ்ட் எங்கே. நேஷனல் லீக் ஆல்ஸ்டார் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தது யார்? 11 ஸ்டார்ட் மட்டுமே போட்டிருந்த ஸ்கீன்ஸ். அவருக்கு முன்னால் ரூக்கியாக இருந்து ஆல்ஸ்டாரைத் தொடங்கியவர்கள் மொத்தம் நாலு பேர், ஃபிட்ரிச், வலன்சுவேலா, நோமோ எல்லாம் அந்த வரிசையில். சை யங் (சிறந்த பிட்சர்) விருதின் இறுதி மூன்று ஆட்களில் ஒருவர் வேறு. லீக்கின் மிகச் சிறந்த மூன்று பிட்சர்களில் ஒருவர், ரூக்கிகளில் இரண்டாமவரா? சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

ஒன்பதாவது இன்னிங்ஸ்

இந்த வாதம் எனக்கும் வலிக்கிறது, பதில் இல்லை. இருந்தாலும் மெரில்தான் :)

ஆரஞ்சுப் பறவை

எல்லாரும் நேஷனல் லீக்கையே பிடித்துத் தொங்குகிறீர்கள், அங்கே யார் வாங்கினாலும் தகுதியானவர்தான். உண்மையான வழக்கு எங்கள் பக்கம். கௌசர் 153 ஆட்டம், 24 ஹோம் ரன், லெஃப்ட் ஃபீல்டில் முதல் தரம். அவரை விட்டுவிட்டு, லீக்கிலேயே அதிகமாக 77 வாக் கொடுத்த பிட்சருக்கு விருதா?

161ஆம் தெரு

.242 சராசரி என்பதை லேசாக நழுவ விட்டீர்களே, பார்த்தேன்.

கெரிட் கோல் முழங்கை வலியோடு உட்கார்ந்தார், சீசன் தொடங்கும் நேரத்தில் தொடக்க பிட்சர்களின் சுழற்சியில் ஓட்டை. அந்த இடத்தில் வந்தவர் கில். டாமி ஜான் (முழங்கைத் தசைநார்) அறுவை சிகிச்சை முடித்து வந்த கை. மே மாதம் மட்டும் 6-0, இ.ஆர்.ஏ. 0.70. அந்த மாதம் சிறந்த ரூக்கியும் அவர், சிறந்த பிட்சரும் அவர். ஒயிட் சாக்ஸுக்கு எதிராக 14 ஸ்ட்ரைக் அவுட், யாங்கீஸ் ரூக்கி ஒருவர் போட்டதிலேயே அதிகம். கோல் இல்லாத ரெண்டரை மாதம் நாங்கள் மூழ்காமல் இருந்ததற்கு அவரும் ஒரு காரணம். மொத்தமாக 15-7, 3.50, 171 ஸ்ட்ரைக் அவுட்.

ஆரஞ்சுப் பறவை

மே மாதம் அற்புதம், மறுக்கவில்லை. ஜூன் கடைசியில் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. வரிசையாக அடி. ஸ்டேடியத்தில் நீங்களும் கத்தியிருப்பீர்கள்.

இடதுகைக்காரன் அண்ணே, உங்கள் "முழு வருஷம் சுமந்தவர்" அளவுகோலை இங்கேயும் வையுங்கள். கௌசருக்குத்தானே வர வேண்டும்?

இடதுகைக்காரன்

வைக்கிறேன், ஆனால் அளவுகோல் இங்கே அவ்வளவு உதவாது, ஏனென்றால் கில்லும் முழு வருஷம் ஆடியவர். 29 ஸ்டார்ட். யார் நன்றாக ஆடினார் என்பதுதான் இங்கே கேள்வி. 3.50 இ.ஆர்.ஏ. நல்ல எண், பெரிய எண் இல்லை. தினமும் நின்று நல்ல ஃபீல்டிங்கும் 24 ஹோம் ரன்னும் கொடுத்தவர் மயிரிழையில் மேலே. கௌசர். ஆனால் யாங்கீஸ் சட்டையும் 15 வெற்றியும் ஓட்டுக் கொண்டுவரும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

161ஆம் தெரு

எதற்கெடுத்தாலும் சட்டை. நாங்கள் என்ன செய்தாலும் சட்டை.

புதுசு

முடிவு வந்துவிட்டது!! ஸ்கீன்ஸ், கில்.

கறுப்பு மஞ்சள்

1.96.

ஸ்கோர்புக்

விவரம்: முதலிடம் 5, இரண்டாமிடம் 3, மூன்றாமிடம் 1 என்ற கணக்கில் ஸ்கீன்ஸ் 136, மெரில் 104, சூரியோ 26. 23 பேர் ஸ்கீன்ஸை முதலில் எழுதினார்கள், 7 பேர் மெரிலை. கூட்டிப் பார்த்தால் 30 சீட்டிலும் முதல் ரெண்டு பெயர் இவர்கள்தான், வேறு யாரும் நுழையவில்லை. சண்டை போட்டது நாம் மட்டும் இல்லை என்று தெரிகிறது, ஆனால் நம் அளவுக்கு அவர்கள் சமமாகப் பிரியவில்லை.

கில் 106, கௌசர் 101. கில்லை முதலிலும் கௌசரை இரண்டாவதிலும் எழுதிய ஒருவர் இடம் மாற்றியிருந்தால் 104-103. இரண்டு பேர் மாற்றியிருந்தால் பறவைக்கு விருது.

ஆரஞ்சுப் பறவை

ரெண்டே பேர். நன்றி அக்கா, இன்றைக்குத் தூக்கம் போச்சு. பிளேஆஃபில் ராயல்ஸுக்கு எதிராக பேஸ் நிறைந்திருக்கும்போது மட்டையைச் சுழற்றி, பந்து கையில் பட்டு எலும்பு உடைந்து, அதுவே ஸ்ட்ரைக் அவுட்டும் ஆனார் எங்கள் ஆள். அதற்கு மேல் இது.

ஒன்பதாவது இன்னிங்ஸ்

வாழ்த்துகள் கறுப்பு மஞ்சள். ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஸ்கீன்ஸ் ஜெயித்ததில் உங்கள் அணிக்கு நஷ்டமாமே?

இடதுகைக்காரன்

இதைத்தான் நான் பேச நினைத்தேன். 2022 தொழிலாளர் ஒப்பந்தத்தில் ஒரு விதி. பெரிய எதிர்பார்ப்போடு வருகிற இளம் ஆட்டக்காரர் ரூக்கி ஓட்டில் முதல் ரெண்டு இடத்துக்குள் வந்தால், எத்தனை நாள் ஆடினாலும் அவருக்கு முழு வருஷ சர்வீஸ் (மேஜர் லீக் பணிக்காலம்) எழுதப்படும். சாதாரணமாக 172 நாள் இருந்தால்தான் ஒரு வருஷம். மே 11-ல் வந்த ஸ்கீன்ஸுக்கு அந்தக் கணக்கு எட்டாது. இப்போது விருது எட்ட வைத்துவிட்டது. ஃப்ரீ ஏஜென்ட் ஆவது, அதாவது விரும்பிய அணிக்குப் போக முடிவது, 2030 முடிவில் இல்லை, 2029 முடிவிலேயே.

அதே விதி அணிகளுக்கும் ஆசை காட்டுகிறது: அப்படிப்பட்டவரை முழு சீசன் வைத்திருந்து அவர் விருது வாங்கினால் கூடுதலாக ஒரு டிராஃப்ட் பிக் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வாய்ப்பு). மெரிலைத் தொடக்க நாளிலிருந்து ஆட வைத்த பேட்ரஸ், அவர் ஜெயித்திருந்தால் அதை வாங்கியிருக்கும். பைரட்ஸ் ஸ்கீன்ஸை டிரிபிள் ஏ-வில் வைத்ததால் பிக்கும் இல்லை, கூடுதல் வருஷமும் இல்லை.

கறுப்பு மஞ்சள்

கை பத்திரம் என்று காரணம் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, 2023-ல் எல்எஸ்யு கல்லூரிக்காக 120 இன்னிங்ஸுக்கு மேல் போட்டுவிட்டு வந்தவர், டிராஃப்டுக்கு அப்புறம் தொழில்முறையில் ஏழு இன்னிங்ஸ் கூடப் போடவில்லை. மெதுவாக ஏற்ற வேண்டும், சரி. ஆனால் அந்த மெதுவான மூன்று இன்னிங்ஸ், நாலு இன்னிங்ஸை பிட்ஸ்பர்க்கிலேயே போட வைத்திருக்கலாமே? ஏப்ரலில் எங்கள் சுழற்சியில் என்ன உலக சாம்பியன்களா நின்றார்கள்?

161ஆம் தெரு

2029 முடிவில் ஃப்ரீ ஏஜென்ட் என்றா சொன்னீர்கள்? குறித்து வைத்துக்கொள்கிறேன்.

கறுப்பு மஞ்சள்

இந்த ஆளை யாராவது இழையிலிருந்து தூக்குங்கள்.